அப்பாவுக்கு வெளுத்துப் போனது

கோபாலபுரத்தில் ஒரு மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருந்த என் அப்பாவுக்குப் போன கோடையில் கண் மஞ்சளாகிவிட்டது. எங்கள் வீட்டில் காமாலைக்கு ஒரே வழிதான். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். அப்புறம் பத்தியம். எண்ணெய் கூடாது, காரம் கூடாது, மஞ்சள்தூள் பக்கமே போகக் கூடாது. மோர்ச்சோறு, இட்லி, மறுபடியும் மோர்ச்சோறு.

அவரால் நிற்க முடியாமல் போனதும் கக்கூசுக்கு நான்தான் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனேன். அங்கேதான் பார்த்தேன். மலம் வெளுத்திருந்தது. பெயிண்ட் அடிப்பதற்கு முன் சுவரில் பூசுவார்களே பட்டி, அந்த நிறம்.

அம்மாவிடம் சொன்னேன்.

"வெள்ளையா துன்னா வெள்ளையாதான்டா போவும். பீட்ரூட் துன்னுட்டு நீ ரத்தம் ரத்தம்னு கத்தல?"

கத்தியிருக்கிறேன். அம்மாவுக்கே இரும்புச் சத்து மாத்திரை போட்டபோது கறுப்பாகப் போயிருக்கிறது. சொல்வதில் நியாயம் இருப்பதுபோலத்தான் பட்டது.

பாயில் படுத்திருந்த அப்பா சிரித்தார். "நம்ம வூட்லயே மொத மொதல்ல காலேஜு போனவன். அப்பன் பீய எட்டிப் பாத்துக்கினு கீறான்."

"தெனமும் சோறுதானப்பா துன்றோம். எனக்கு ஏன் வெளுக்கல?" என்றேன்.

மறுநாள் காலை அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

"மோஷன் என்ன கலர்ல போகுது?" என்று டாக்டரம்மா கேட்டார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு.

"நல்லாத்தாம்மா போவுது" என்றார் அப்பா, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

"இல்ல டாக்டர். பட்டி மாதிரி வெள்ளையா போகுது. யூரின் கடுங்காப்பி மாதிரி."

எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். மலத்தின் பழுப்பு நிறம் சோற்றால் வருவதில்லை, ஈரலிலிருந்து குடலுக்கு இறங்கும் பித்தநீரால் வருவது என்றார். வெளுத்தால், பித்தநீர் வருகிற வழி அடைபட்டிருக்கலாம்.

"அப்போ மோர்ச்சோத்தால இல்லியா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா."

ஸ்கேன் வந்ததும் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கணையத்தில் கட்டி. ஈரலுக்கும் பரவிவிட்டது. "குழாய் வெச்சு வழியத் திறந்துடுவோம். மஞ்சள் இறங்கும், அரிப்பு போகும். கட்டிய ஒண்ணும் பண்ண முடியாது. ஏதாவது கேக்கணுமா?"

படித்தவன் கேட்கவேண்டிய கேள்விகள் இருந்திருக்கும். சரி என்றேன். வெளியே போய் அம்மாவுக்கு டீ வாங்கினேன். சர்க்கரை தூக்கல் என்றாள். மாற்றி வாங்கி வந்தேன். அடைப்பு இருக்கிறது, குழாய் வைப்பார்கள் என்பது வரைக்கும் சொன்னேன்.

குழாய் வைத்து வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து, அப்பா தானாகவே எழுந்து கக்கூசுக்குப் போனார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"டேய் நைனா, இங்க வா."

கதவு திறந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி ஊத்தல. உனக்குத்தான் வெச்சிகீறேன், பாரு."

பார்த்தேன். பழுப்பு. எல்லாருக்கும் போகிற நிறம்.

"கலர் வந்துடுச்சா இல்லியா?"

"வந்துடுச்சுப்பா."

"அப்போ திங்கக்கெழம வண்டிய எடுத்துடலாம். துணி எல்லாம் வேற ஆளுகிட்ட போய்க்கினு இருக்கும்."

"மொதல்ல மீன் கொழம்பு துன்னு, அப்புறம் வண்டியத் தள்ளுவ" என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். வெகுநாள் கழித்து அவள் குரல் அப்படி இருந்தது.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். "இன்னாடா, எடுத்துடலாம்ல?"

"எடுக்கலாம்பா" என்றேன்.

வாளியில் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். போகவில்லை. இன்னொரு வாளி பிடித்தேன்.