சாச்சி தீத்திய சோறு

கமர் நிஷா சாச்சி என் உம்மாவின் தங்கை. காயல்பட்டினத்தில் அவளுக்குச் சொந்தமாக ஒரு வீடு இருக்கிறது. முற்றமும் மாடியுமாக ஒரு பெரிய குடும்பமே புழங்கலாம். அதில் அவள் மட்டும் இருக்கிறாள். எங்கள் ஊரில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். வீடு மகளுக்கு, மகன் போகிற பிள்ளை. சாச்சிக்கு மகள் இல்லை. அவள் மாப்பிள்ளை ஜித்தாவில் வேலை பார்த்தார், லீவு கிடைத்தபோது வந்து போனார், அங்கேயே மவுத்தாகி அங்கேயே அடக்கமானார். ஒரே மகன் உசாமா இரண்டு தெரு தள்ளி ஷஃபீகாவின் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனான். மறுநாள் காலையில் சாச்சி அவனுக்கும் சேர்த்து மாவு கரைத்துவிட்டாளாம். அதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்வாள்.

உசாமா சின்னதில் சாப்பிடவே சாப்பிடாத பிள்ளை. எங்கள் வீடுகளுக்கு நடுவே பெண்கள் மட்டும் நடமாடுகிற சந்து உண்டு, முடுக்கு என்போம். அந்த முடுக்கு நெடுகத் தட்டோடு அவன் பின்னால் ஓடி, உருண்டை உருண்டையாகப் பிசைந்து தீத்துவாள். ஊட்டுவதற்கு எங்கள் பேச்சு அது. "மீச மொளச்ச பொறவும் தீத்துனவ அவ" என்று உம்மா இப்போதும் கேலி பேசுவாள். மகன் போன பிறகு முடுக்கில் திரியும் ஒரு சாம்பல் பூனைக்குத் தீத்திக்கொண்டிருந்தாள்.

உசாமாவுக்கு வேலை ஷார்ஜாவில், ஷஃபீகாவும் அங்கேதான். போன வருடம் அவளுடைய பிள்ளைப்பேற்றுக்குச் சாச்சி விசிட் விசாவில் போனாள். அங்கே ஷஃபீகாவின் உம்மா ஏற்கெனவே அடுப்படியில் நின்றாள். முறைப்படி அது அவளுடைய இடம். பேறு பார்ப்பது பெண்ணைப் பெற்றவள்தான். சாச்சி ஹாலில் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை மடியில் கொடுப்பார்கள், அழுதால் வாங்கிக்கொள்வார்கள்.

உசாமாவின் கம்பெனியில் ஒரு சனிக்கிழமை எல்லோரையும் குடும்பத்தோடு சேவை செய்யக் கூட்டிப்போனார்கள். ஊருக்கு வெளியே, மணல்காட்டில், கைவிடப்பட்ட நாய் பூனைகளை வைத்துப் பராமரிக்கும் காப்பகம். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்க, சாச்சி கூடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி போயிருக்கிறாள்.

"யக்கா, தள்ளி நில்லுங்க. தண்ணி தெறிக்கும்" என்று தமிழ்க் குரல் கேட்டது. வாளியோடு ஓர் ஆள் நின்றான். பெயர் வன்னியராஜ்.

"நீ எந்தூருலே?"

"முக்கூடல்."

"ஆத்தங்கரையில பொறந்துட்டு இந்த மணல்ல வந்து நாய்க்கூடு கழுவுதியா?"

"ஆத்துல தண்ணி கெடக்கு யக்கா. வேல கெடக்கல்லல்லா."

அவன்தான் சொன்னான், ரவுண்டானா பக்கத்தில் வேன் வரும், யார் வேண்டுமானாலும் ஏறி வந்து உதவி செய்யலாம் என்று. அடுத்த வாரமே சாச்சி புர்கா மேல் ஒரு பழைய துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள். பூட்ஸ் போட்டு வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நடுவில் அவள் ஒருத்திதான் செருப்போடு போனவள்.

நாயின் எச்சில் ஈரம் பட்டால் எங்கள் மார்க்கப்படி ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு. சாச்சி குழாயடியில் குந்தி மணலை அள்ளித் தேய்த்துக் கழுவுவதைப் பார்த்த ஒரு ஜெர்மன் பெண், இது தோலுக்கு நல்ல வைத்தியம் போலிருக்கிறது என்று தானும் செய்ய ஆரம்பித்தாளாம். உசாமாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை.

"உம்மா, நாயத் தொட்டுட்டு வாறது நமக்குத் தேவையா?"

"கழுவச் சொல்லிருக்குலே. கழுவுதேன். ஒனக்கென்ன?"

கடைசிக் கூட்டில் ஒரு செம்பழுப்பு நாய் கிடந்தது. வளர்த்தவர்கள் நாட்டை விட்டுப் போகும்போது கட்டட வாசலில் கட்டிப்போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அது எதையும் தின்னவில்லை. குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாச்சி அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்தாள். மறுமுறை போகும்போது மருமகள் வீட்டு மிச்சச் சோற்றில் உப்பில்லாமல் அவித்த சூரை மீனைப் பிசைந்து டப்பாவில் கொண்டுபோனாள். உருண்டை பிடித்துக் கம்பிக்குள் கையை விட்டு, "ஏலே, தின்னுலே" என்றாள்.

அது தின்றது.

காப்பகத்தின் பொறுப்பாளர் ஓர் ஐரிஷ்காரப் பெண். ஓடிவந்து சாச்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாளாம். கூட்டின் பலகையில் இருந்த பெயரை அழித்து, ஆங்கிலத்தில் 'ஏலே' என்று எழுதினார்கள். அந்தப் பெயருக்குத்தான் அது காதைத் தூக்கியது. சாச்சியின் வாழ்நாளில் அவளை யாரும் அப்படிக் கொண்டாடியதில்லை என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நாள் கழித்துப் பொறுப்பாளர் ஒரு விஷயம் சொல்லி அனுப்பினாள். இனிமேல் தட்டில் வைக்க வேண்டும், காப்பகத்துத் தீனியையும் கலந்து பழக்க வேண்டும், யார் வைத்தாலும் தின்னும் நாயைத்தான் யாராவது தத்தெடுப்பார்கள்.

"யக்கா, தட்டுல வைக்கணுமாம்" என்றான் வன்னியராஜ்.

"தாயில்லாத புள்ளைக்குத் தட்டுல வச்சுட்டு நாம பாட்டுக்குப் போவணுமாக்கும்? வெள்ளக்காரிக்கு என்னலே தெரியும், தீத்துதது?"

பொறுப்பாளர் முன்னால் சாச்சி தட்டில் வைத்தாள். அவள் நகர்ந்ததும் தீத்தினாள். வன்னியராஜ் பார்த்தும் பாராததுபோல் இருந்தான். அவனுக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. முக்கூடலில் அவன் அம்மாவும் அப்படித்தான் தீத்தியிருப்பாள்.

விசா முடிந்து சாச்சி ஊருக்கு வந்தாள். நாய் அன்றே தீனியை விட்டது.

நான் மான்செஸ்டரிலிருந்து லீவில் வந்தது அப்போதுதான். என்னைக் கண்டதும் சாச்சி கேட்ட முதல் கேள்வி, "புள்ள, ஒன் போன்ல படம் தெளிவாத் தெரியுமா?" என்பது. வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. மதியம் லுஹர் தொழுதுவிட்டு, வெயிலில் மொட்டை மாடியில் போய் நிற்போம். அது அங்கே தீனி நேரம். வன்னியராஜ் வீடியோவில் வருவான்.

"திங்குதானா?"

"ஒங்களக் காட்டுதேன் யக்கா, பாருங்க."

திரையில் நாயின் மூக்கு பெரிதாக வரும். சாச்சி கையில் ஒரு சோற்று உருண்டையோடு, "ஏலே, இங்கன பாருலே" என்பாள். நாய் எழுந்துவிடும். போனை முகரும். பிறகு போனுக்குப் பின்னால் போய்த் தேடும். வன்னியராஜின் முழங்கை, சுவர், வாளி எல்லாம் தெரியும். திரும்பி வந்து படுத்துக்கொள்ளும். ஒரு நாள் மட்டும் வன்னியராஜ் கையிலிருந்து இரண்டு வாய் தின்றது. அன்றைக்குச் சாச்சி பாயசம் காய்ச்சி முடுக்கு நெடுக எல்லார் வீட்டுக்கும் கொடுத்தாள். எதற்கென்று யாருக்கும் சொல்லவில்லை. மறுநாள் அது தலையைத் தூக்கவில்லை.

"நான் போவணும் புள்ள" என்றாள். "போய் இருந்து, பைய தட்டுக்குப் பழக்கிட்டு வந்திருதேன்."

பஸ் பிடித்துத் திருநெல்வேலி போனோம். மேலப்பாளையத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கும் அசன் மைதீன் எங்களுக்குத் தெரிந்தவர்.

"வாங்க லாத்தா. மருமவ மறுபடியும் உண்டாயிட்டாவளா?"

"இல்ல. ஒரு நாயி சாப்புட மாட்டேங்கி."

அவர் டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"இந்த நாற்காலியில உக்காந்து நான் கேக்காத காரணம் இல்ல" என்றார். "இது புதுசு."

"அந்த நாய இங்கன கொண்டாற முடியுமா?"

"லாத்தா, அங்கன மவுத்தான மனுசன ஊருக்குக் கொண்டாறதுக்கே நான் நாயா அலையுதேன். உசுரோட நாயக் கொண்டாற என்ன பேப்பர் வேணும்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா அது ஹராம்."

சாச்சி அதற்குச் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டுக் குரலை இறக்கினார். "நீங்க போறதுக்கு வழி இருக்கு. மொவன் அங்கன இருந்து ஏற்பாடு பண்ணணும். அவன் இல்லாம ஒங்களத் தனியா ஏத்திவிட எனக்கு மனசு வரல்ல. எறங்கி யாரு வீட்டுக்குப் போவிய?"

திரும்பும் பஸ்ஸில் அவள் அதையேதான் யோசித்திருக்க வேண்டும். ஆழ்வார்திருநகரி தாண்டியதும், "நாளைக்கு வெள்ளி. உசாமா லீவுல இருப்பான்" என்றாள்.

மறுநாள் மாடியில் நின்று பேசினாள். நான் போனைப் பிடித்திருந்தேன்.

"உம்மா, நாய்க்காகவா விசா? ஷஃபீகா வீட்ல என்ன நெனப்பாவ?"

"ஒன் வீட்ல படுக்க மட்டும்தாம்லே. விடிஞ்சா வேன்ல ஏறிப் போயிருவேன்."

"மக்க சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும். நீயாவது போயி ஒரு வாய் தீத்திப் பாக்கியா? ஒன் கை ஏங் கை மாரித்தான் இருக்கும்."

அங்கே குழந்தை அழுவது கேட்டது. பிறகு உசாமா, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, "உம்மா, இந்த ஃப்ளாட்டு ஷஃபீகா காக்கா பேர்ல இருக்கு. நானே இன்னொருத்தர் வீட்லதான் இருக்கேன்" என்றான். காக்கா என்பது எங்கள் பேச்சில் அண்ணன்.

சாச்சி அதற்கு மேல் கேட்கவில்லை. அப்படி இருக்கத்தான் அவள் அவனை வளர்த்து அனுப்பியிருந்தாள். "சரி வாப்பா. புள்ள அழுவுது, போய்ப் பாரு" என்றாள்.

இரண்டொரு நாளில் பொறுப்பாளரின் செய்தி என் போனுக்கு வந்தது. வன்னியராஜுக்குச் சொல்ல வாய் வரவில்லை போலும். நான் முற்றத்தில் நின்று அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தமிழும் ஆங்கிலமும் எனக்கு ஓரளவு வரும். எந்த மொழியில் எப்படிப் படித்தாலும் அதற்கு வேறு அர்த்தம் இல்லை. சிறுநீரகம் போய்விட்டது. குழாய் வழியாகக் கொடுப்பதும் தங்கவில்லை. நாளை மதியம் டாக்டர் வருகிறார். சாச்சி விரும்பினால் போனில் உடன் இருக்கலாம்.

சாச்சி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், நாய்க்குப் போனில் காட்டுகிற உருண்டைக்குத்தான்.

"சாச்சி, நாளைக்கி மத்தியானம் ஊசி போடுதாங்களாம்."

"எந்திரிக்கதுக்கா?"

"இல்ல சாச்சி. மவுத்தாவதுக்கு."

அவள் கத்தியை வைத்துவிட்டுக் கையைப் பார்த்தாள். பிறகு மீனைத் தொடர்ந்து ஆய்ந்தாள்.

மறுநாள் மாடிக்கு ஏறும்போது அவள் கையில் உருண்டை இருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. திரையில் நாய் ஒரு நீலப் போர்வையில் கிடந்தது. விலா எலும்பு எண்ணலாம் போலிருந்தது. வன்னியராஜ் உள்ளங்கையைக் காட்டினான்.

"நீங்க சொன்ன மாரியே பெசஞ்சிருக்கேன் யக்கா. உப்பு போடல்ல. சூரதான்."

"ஏலே" என்றாள் சாச்சி.

காது தூக்கியது.

"ஏலே, வாயத் தொறலே. அவன் கை ஏங் கைதாம்லே. ஒரு வாயி. ஒரே ஒரு வாயி தின்னுலே."

நாய் கண்ணை மட்டும் திருப்பி, போனுக்குப் பின்னால் பார்த்தது. நாக்கு நீண்டு வந்து வன்னியராஜின் கையைத் தொட்டது.

"நக்குதான் யக்கா!"

"நக்குனா காணாதுலே. உள்ள போவணும். உள்ள வையி."

வைத்தான். சோறு வாய் ஓரமாகப் போர்வையில் விழுந்தது. வெள்ளைக் கோட்டுக் கை ஒன்று திரைக்குள் வந்தது. சாச்சி பேச்சை நிறுத்தவில்லை. தின்னுலே, தின்னுலே என்று, முடுக்கில் உசாமா பின்னால் ஓடியபோது சொன்ன அதே ராகத்தில் சொல்லிக்கொண்டே இருந்தாள். வன்னியராஜ், "முடிஞ்சிட்டு யக்கா" என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் சொன்னாள்.

கீழே இறங்கும்போது உருண்டை அவள் கையிலேயே காய்ந்து போயிருந்தது.

"தட்டுல வையின்னு அந்த வெள்ளக்காரப் புள்ள அன்னைக்கே சொன்னா" என்றாள். "நான் கேக்கல்ல. என் கையவிட்டா வேற கை இல்லன்னு ஆக்கிட்டேன்."

"அப்படி இல்ல சாச்சி" என்றேன். அவள் அதைக் கேட்டுக்கொண்ட மாதிரி இல்லை.

முடுக்குக் கதவருகில் சாம்பல் பூனை வந்து நின்று, வழக்கம்போல் அவள் கையைப் பார்த்துக் கத்தியது. பூனை தொட்டால் கழுவ வேண்டியதில்லை, அது வீட்டில் புழங்குகிற பிராணி. சாச்சி அடுப்படிக்குப் போய் ஒரு பழைய பீங்கான் தட்டை எடுத்துவந்தாள். உருண்டையை உதிர்த்து அதில் போட்டு, மீதி மீனையும் போட்டாள். தட்டை முடுக்கில் வைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"தானாத் திங்கட்டும்" என்றாள்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பூனை தட்டை முகர்ந்தது. பிறகு அதை விட்டுவிட்டு, சாத்தியிருந்த கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தது.