புளியமரத்துக் கொக்குகளும் சின்ன மதினியும்

எங்கள் ஊரில் கொக்கின்மேல் கல்லெறிந்தவனுடைய வயலுக்கு அந்தப் போகத்தில் கடைசியாகத்தான் தண்ணீர் திறப்பார்கள். குளத்தங்கரைப் புளியமரங்களில் கொக்குகள் வந்து கூடு கட்டினால் ஊர் செழிக்கும் என்பது நம்பிக்கை. எச்சம் விழுந்த தண்ணீர் பாய்ந்த வயலில் நெற்பயிர் கறுகறுவென்று வளர்வதைப் பார்த்தவர்களுக்கு அதில் சந்தேகமும் கிடையாது.

அம்பாசமுத்திரம் வழியாக ரயில் ஓடத் தொடங்கிச் சில வருடங்களே ஆகியிருந்த காலம். எனக்கு ஒன்பது வயது. அந்தத் தை மாதம்தான் என் சின்ன அண்ணனுக்குச் சாத்தான்குளத்துப் பக்கமிருந்து பெண் எடுத்திருந்தார்கள். சின்ன மதினி பனங்காட்டில் வளர்ந்தவள். வந்த அன்று எங்கள் வாய்க்காலைப் பார்த்து, "இம்புட்டுத் தண்ணியும் சும்மாவா ஓடுது?" என்று கேட்டாள். அதைச் சொல்லிச் சொல்லிப் பெரிய மதினி ஒரு வாரம் சிரித்தாள்.

பெரிய மதினி எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. சின்னவள் வைத்த குழம்பில் உப்பு, பெருக்கிய முற்றத்தில் தூசி என்று எதையாவது கண்டுபிடித்து அம்மாவிடம் சொல்வாள். அம்மா சின்னவளைத் திட்டியதில்லை. பெரியவளை அதட்டியதும் இல்லை. கேட்டுக்கொண்டே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பாள்.

மாசி பிறந்து சில நாளில் மரத்தடியில் ஒரு பெரிய கொக்கு செத்துக் கிடந்தது. மறுநாள் இரண்டு குஞ்சுகள். அதற்கு மறுநாள் இன்னொன்று. விடியற்காலையில் முதல் ஆளாகக் குளத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவள் சின்ன மதினி.

"பனங்காட்டுப் பிள்ளையளுக்குக் கண்ணி வைக்கத் தெரியாமலா இருக்கும்?" என்று பெரிய மதினி படித்துறையில் சொல்லிவைத்தாள். அந்தப் பேச்சு ஊரைச் சுற்றிவிட்டுச் சாயங்காலம் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, செத்த கொக்கு நாலு என்பது பதினாலாகியிருந்தது. ஊர்ப் பெரியவர் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். மறுநாள் காலை மரத்தடியில் வைத்து விசாரிப்பது, உண்மையென்றால் வண்டி கட்டி அந்தப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று.

காலையில் மரத்தடியில் ஊரே நின்றது. சின்ன அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றும் புதிதாக ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது. மதினி அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவள் நேராகப் போய், பெரிய கொக்கின் மிச்சம் இன்னும் கிடந்த இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு இறகை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"மாமா, இதப் பாருங்க. பூனையோ நரியோ கடிச்சா இறகு அடியில ஒடிஞ்சு, நைஞ்சு கெடக்கும். இது முழுசா, வேரோட பிடுங்குனது. அத்தனையும் ஒரே இடத்துல வட்டமாக் கெடக்கு. நெஞ்சுக்கறியைத்தான் மொதல்ல தின்னுருக்கு. ராசாளிப் பருந்துதான் இப்படித் திங்கும். கண்ணியில விழுந்ததுன்னா காலுல சுருக்குத் தடம் இருக்கணும்லா? காலைப் பாருங்க."

அப்பா குனிந்து பார்த்தார். ஊர்ப் பெரியவரும் பார்த்தார். கால்களில் ஒரு கீறல்கூட இல்லை.

"சரி, குஞ்சுக எப்படிச் செத்துச்சு?" என்று பெரியவர் கேட்டார்.

மதினி செத்த குஞ்சைத் திருப்பிக் காட்டினாள். மண்டையிலும் பிடரியிலும் பஞ்சுபோன்ற தூவி இல்லை. கொத்திய புண்கள் மட்டும் காய்ந்திருந்தன. "ராசாளின்னா தின்னுருக்கும். இதை ஒண்ணும் திங்கலை. இது கூட்டுக்குள்ளயே நடந்தது."

"கொக்கு தன் குஞ்சையே கொல்லுமோ?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது.

"ஏறிப் பாத்தாத் தெரியும். ஆம்பளையள் ஏறினா கொக்கு பூராவும் பறந்துரும். சின்னப் பிள்ளை யாராவது பைய ஏறினா..."

அவள் முடிக்குமுன் நான் பாவாடையைத் தூக்கிச் செருகிவிட்டேன். புளியமரத்தை ஒட்டி நின்ற ஒரு வேம்பில் ஏறினேன். "ஏட்டி, எறங்கு!" என்று அம்மா கத்தினாள். "பிள்ளை பாக்கட்டும்" என்றார் பெரியவர்.

கூட்டுக்கு நேர் எதிரே ஒரு கிளையில் ஒண்டிக்கொண்டேன். உள்ளே மூன்று குஞ்சுகள். தாய்க்கொக்கு வந்து இறங்கியது. உடனே மூத்தது கடைக்குட்டியின் தலையில் கொத்த ஆரம்பித்தது. அது கழுத்தை மடக்கி ஒளிக்க ஒளிக்க, விடாமல் கொத்தி விளிம்புக்குத் தள்ளியது. பார்த்ததையெல்லாம் நான் கீழே கூவிச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடைக்குட்டி கூட்டிலிருந்து நழுவி, பெரியவரின் காலடியில் வந்து விழுந்தது.

மதினி ஓடிப்போய் அதை முந்தானையில் எடுத்தாள்.

"கண்ணுள்ள பிள்ளையத்தான் வே மருமகளாக் கொண்டாந்திருக்கீரு" என்றார் பெரியவர் அப்பாவிடம். சின்ன அண்ணன் அப்போதுதான் தலையை நிமிர்த்தினான். நான் முழங்கால் சிராய்ப்போடு இறங்கி, மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் தெருவில் நடந்தேன். அரண்மனை யானைகூட அப்படி நடந்திருக்காது.

மத்தியானம் ஆண்கள் சாப்பிட்டு எழுந்தபின் அம்மாவும் நானும் உட்கார்ந்தோம். பெரிய மதினி பரிமாறினாள். சின்னவள் எப்போதும்போல் கடைசியில் சாப்பிடுவதற்காக அடுப்படியில் நின்றாள். காலையிலிருந்து பத்து வீட்டில் சொன்ன கதையை நான் மறுபடி ஆரம்பித்தேன்.

"மூத்தது இருக்குல்லாம்மா, அது கடைசியா வந்ததைக் கொத்திக்கிட்டே இருந்துச்சு. தாய் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டே இருந்துச்சு. ஒரு சத்தம்கூடப் போடலை."

பெரிய மதினியின் கையில் அகப்பை நின்றது. அம்மா பாதிச் சோற்றில் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து, பெரியவளின் கையிலிருந்து அகப்பையை வாங்கிக்கொண்டாள்.

"இங்கன வந்து உக்காரு" என்று சின்ன மதினியைக் கூப்பிட்டு, தன் பக்கத்தில் இலை போட்டு, அவளே சோறு வைத்தாள்.

மரத்தில் ஏறியதற்காகத்தான் அம்மா கோபமாக எழுந்து போனாள் என்று நினைத்து, நான் அடிக்குக் காத்துக்கொண்டிருந்தேன். அடி விழவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து அவ்வளவு துல்லியமாகப் பார்த்துச் சொன்னவளை அடிக்க மனம் வராமல்தான் விட்டுவிட்டாள் என்று வெகுகாலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.