பச்சையாக நின்ற மருத மரங்கள்

அமராவதி அணைப் பக்கம் செல்போன் வந்த புதிதில் நான் காட்டு வாட்சர். ஆராய்ச்சிக்கு ஒரு அம்மா வந்தார். மெலிந்த உடம்பு, தோளில் கனத்த பெட்டி. மருத மரத்து இலைகளில் கிளிப் மாட்டி, வெளிச்சம் படாமல் மூடிவிட்டுக் காத்திருப்பார். பிறகு பெட்டியிலிருந்த கருவியால் ஒளி பாய்ச்சி, இலை திருப்பி விடும் மங்கலான வெளிச்சத்தை அளப்பார்.

"இந்த நாலு மரமும் தவிக்குதுங்க," என்றார்.

"பச்சையாத்தானுங்க நிக்குது?"

"வாடறதுக்கு முன்னாலயே இந்த வெளிச்சம் காட்டிருமுங்க. தண்ணி வருதான்னு பார்ப்போம்."

மரங்களை ஒட்டிய ஓடையோடு ஏறிப் போனோம். மேலே பாறை சரிந்து, தண்ணீர் வேறு பக்கம் திரும்பியிருந்தது. பிறகு வந்த மற்ற வாட்சர்களோடு அவரும் நின்று கல் புரட்டினார்; தண்ணீர் பழைய வழிக்குத் திரும்பியது. மரங்கள் அந்தக் கோடையைத் தாண்டின.

தினமும் அவற்றைக் கடந்து போன எனக்கு அந்தத் தவிப்பு தெரியவில்லை. அவர் பெயரைக் கேட்டு வைக்காததுதான் இன்னும் மனதை அறுக்கிறது.