நல்ல கண்ணிலும் ஓட்டை

என் அறைக் கதவில் ‘வாய், தாடை, முக அறுவைச் சிகிச்சை நிபுணர்’ என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. புத்தளத்தில் எல்லோரும் அதைப் ‘பல் டொக்டர்’ என்று சுருக்கி வாசித்துவிடுவார்கள். அன்சார் நானாவின் மனைவி ரிஸ்வானாவும் அப்படி வாசித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

“கண்ணக் காட்ட வந்தா, பல் டொக்டர்ட்ட அனுப்பிட்டாங்களே!”

அன்சார் ஊருக்கே நானா, அதாவது அண்ணன்; கற்பிட்டியில் டொல்பின் காட்டும் போட் ஓட்டுபவர். டொல்பின் துள்ளியதும் தானும் துள்ளிய ஒரு வெள்ளைக்காரரின் முழங்கை அவருடைய இடது கண்ணில் இறங்கிவிட்டது. வீக்கம் வற்றிவிட்டது. ஆனால் மேலே பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

“அவங்க காசு குடுத்து ஒரு டொல்பின் பாக்குறாங்க. நான் சும்மா ரெண்டு பாக்குறன்” என்றார் நானா.

“இவர்ட கதய உடுங்க டொக்டர். போட்டக் கட்டப் போய், இல்லாத கட்டைக்குக் கயிறு எறிஞ்சவர். கண் சரியாகாம போட்டுல ஏற வேணாமெண்டு முதலாளி செல்லிட்டார்.”

விஷயம் சிரிப்பானதல்ல. கண்குழியின் தளம் முட்டை ஓடு போன்ற எலும்பு. அது உடைந்து, கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பும் தசையும் கீழேயிருக்கும் சைனஸ் என்ற வெற்றறைக்குள் இறங்கியிருந்தன. நாள் போனால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு ஓபரேஷன் செய்தாலும் இரண்டு டொல்பின்தான். நானாவோ ஓபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

ஆகவே என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். சீ.டி. ஸ்கேனிலிருந்து கொம்பியூட்டர் கட்டியெழுப்பும் முப்பரிமாண முகம் அது. தந்த நிறத்தில், மவுஸை அசைத்தால் சுழலும். அதைச் சுழற்றும்போது மண்டையோட்டைப் படைத்தவனே நான்தான் என்பது போல ஒரு முகபாவம் எனக்கு வருவதாக நேர்ஸ்மார் சொல்வார்கள்.

“யா அல்லாஹ், உசிரோட ஈக்கிற ஆள்ட மண்டையோடா இது?” என்றார் ரிஸ்வானா.

நானா திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

“சரி டொக்டர். இந்தப் பக்கக் கண்ணிலயும் ஓட்டை ஈக்கிதே. அது நல்ல கண்ணெல்லா?”

எலும்பு மிக மெல்லியதாக இருந்தால் முப்பரிமாணப் படம் அதைத் தவறவிட்டுவிடும். இல்லாத ஓட்டை தெரியும். பயிற்சிக்கு வரும் டொக்டர்மாருக்கு இதைப் படிப்பிப்பவன் நான். நானா இவ்வளவு கவனமாகப் பார்ப்பார் என்று எதிர்பார்க்கவில்லை.

“அது உண்மையான ஓட்டை இல்ல நானா. படம் அப்பிடிக் காட்டும்.”

“இடது பக்கம் ஈக்கிறது மட்டும் உண்மை?”

“ஓம்.”

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு மனைவியிடம் திரும்பினார். “எழும்பு புள்ள, போவம்.”

கதவடியில் மறித்துக் கூட்டிவந்து, சாம்பல் நிற வெட்டுப்படங்களைத் திறந்தேன். முகத்தைப் பேக்கரிப் பாண் போலத் துண்டு துண்டாக வெட்டிக் காட்டும் படங்கள் அவை, அழகே கிடையாது. நாங்கள் முடிவெடுப்பது அவற்றைப் பார்த்துத்தான். வலது கண்ணின் கீழே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு அறாமல் ஓடியது. இடது பக்கம் கோடு அறுந்து, அதனூடாக ஏதோ தொங்கியது.

நானா வெகுநேரம் பார்த்தார்.

“வல பிஞ்சு மீன் தொங்குது.”

“ஓம். அந்த இடத்துக்கு டைட்டேனியத்தில சின்ன வலை ஒண்டு வைப்பம்.”

“இத முதல்லயே காட்டிரிக்கலாமே?”

“மற்றது பாக்க வடிவு, நானா.”

“எங்கட போட்டுலயும் வடிவா டொல்பின் கீறியீக்கிது. அதப் பாத்துப் பாத்தா போட் ஓட்டுறோம்?”

ஓபரேஷனுக்குச் சம்மதித்தார். முப்பரிமாணத்துக்கு அநியாயம் செய்யக்கூடாது: நல்ல கண்குழியைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி, மொடலாக அச்சடித்து, அதன்மேல் வைத்தே வலையை வளைத்துக்கொண்டோம். தியேட்டரில் அது அளவாகப் பொருந்தியது.

வீக்கமெல்லாம் வற்றியபின் கிளினிக்குக்கு வந்தார். மேலே பார்க்கச் சொல்லி ஒரு விரலை உயர்த்தினேன்.

“எத்தனை?”

“ரெண்டு.”

என் கை தானாக இறங்கிவிட்டது. ரிஸ்வானா அவருடைய தோளில் ஓங்கி ஒன்று வைத்தார்.

“பஸ்ஸுல வரக்குள்ள கடக்கரையில கரண்ட் எடுக்குற காத்தாடி மெஷின் எல்லாத்தயும் அண்ணாந்து ஒண்டொண்டா எண்ணிக்கிட்டு வந்த மனிசன்!”

“ஒண்டுதான் டொக்டர். உங்கட மூஞ்சியப் பாக்கத்தான் அப்பிடிச் செல்லினன்.”

இத்துறைக்கு வரும் இளம் டொக்டர்மாருக்கு நான் சொல்வது இதுதான்: சாம்பல் படத்தை முதலில் காட்டுங்கள். சுழலும் முகத்தைக் கேட்பவர்களுக்கு மட்டும் காட்டினால் போதும். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நானே கேட்டு, நானே காட்டிக்கொள்கிறேன்.