சுவரில் அடித்த வெளிச்சம்

ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. மற்றவர்கள் குத்திக் குத்திப் பார்த்துக் கைவிட்ட ஆளுக்கும், அவள் விரல் வைத்தால் நரம்பு அகப்பட்டுவிடும். அப்பேர்ப்பட்ட கை ஒரு வாரமாகக் கார் சாவியைத் தொடத் தயங்கியது.

போன வாரம் மாலை ஷிப்ட் முடிந்து இருட்டில் ஏரிக்கரைச் சாலையில் காரில் வரும்போது, வளைவில் ஒரு சைக்கிள்காரரைப் பக்கக் கண்ணாடி உரசிவிட்டது. அவர் விழவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போய்விட்டார். ஆனால் உரசும்வரை அங்கே ஆள் இருந்ததே அவளுக்குத் தெரியாது. கண் டாக்டரிடம் ஓடினாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். அப்படியானால் புத்திதான் கெட்டுவிட்டதா? உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். இனி ஸ்டியரிங்கைத் தொடுவதா வேண்டாமா என்ற ஒரே கேள்வி அவளை அரித்துத் தின்றது.

"அசதிம்மா, வேற ஒண்ணுமில்ல," என்றார் கணவர். பழைய வண்டியை மாற்றப்போகிற குஷியில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஷோரூமில் டிவி மாதிரி திரை வைத்த வண்டியைப் பார்த்துச் சொக்கிப்போனார். மகள் அதன் கண்ணாடிக் கூரையைப் பார்த்ததும் வண்டியை விட்டு இறங்க மறுத்துவிட்டாள்.

"ஹெட்லைட் எப்படி?" என்றாள், அந்த வளைவையே நினைத்துக்கொண்டிருந்த இவள்.

விற்பனைக்காரர் சுவரைப் பார்த்துப் போட்டுக் காட்டினார். சுவர் ஜொலித்தது.

"பாரு, ஊசி விழுந்தாக்கூடப் பொறுக்கிடலாம்," என்றார் கணவர்.

"நான் என்ன சுவத்து மேலயா ஓட்டப்போறேன்? இருட்டினதும் ரோட்ல பார்க்கணும்."

"எல்லாரும் கலர்தான் கேப்பாங்க மேடம்," என்று தலையைச் சொறிந்தார் விற்பனைக்காரர். இருந்தாலும் வியாபாரமாயிற்றே! அந்தி சாய்ந்ததும் திரை வண்டியையும், மூலையில் தூசி படிந்து நின்ற இன்னொன்றையும் ஏரிக்கரைக்குக் கொண்டுவரச் செய்தார்.

"நானே போய் வளைவுல நிக்கிறேன். அப்பவாவது உன் பயம் தெளியட்டும்," என்று கணவர் கறுப்புச் சட்டையோடு நடந்துபோய், தார் ரோட்டை விட்டு இறங்கி மண்ணில் நின்றுகொண்டார்.

முதலில் திரை வண்டி. பக்கத்தில் விற்பனைக்காரர். மெதுவாகத்தான் ஓட்டினாள். வெளிச்சம் வண்டியின் மூக்குக்கு முன்னால் பளீரென்று கொட்டிக் கிடந்தது. அதற்கு அப்பால் மை இருட்டு. வளைவைக் கடந்தும் கணவரைக் காணோம்.

"சார் எங்க மேடம்?" என்றார் விற்பனைக்காரர்.

போன் அடித்தது. கணவர்தான். "என்னைத் தாண்டிப் போயிட்டம்மா. கை ஆட்டினேன், கத்தினேன். நீ பாக்கவே இல்ல."

வண்டியை ஓரம் கட்டி அழுதாள். பயம் பாதி, பக்கத்தில் இருந்தவர் கண்ணிலும் படவில்லையே, தன்மேல் தப்பில்லை என்ற நிம்மதி பாதி.

பிறகு மற்ற வண்டி. வளைவு வருவதற்கு முன்பே அவர் தெரிந்தார். கறுப்புச் சட்டை, காலில் ஒட்டிய சேறு, வேர்த்த முகம், எல்லாமே தெரிந்தது. வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டாள்.

கணவர் திரையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

"நம்ம பொண்ணும் டியூஷன் முடிஞ்சு இந்த ரோட்லதான் சைக்கிள்ல வரா," என்றார். "எதிர்ல வர்றவங்க வண்டியில என்ன லைட்டோ."