கை பொறுக்கிற சூடு

பிள்ளை பெற்ற துஷ்யாவுக்கு முழுக வார்ப்பது புருசன் இளங்கோதான். வேப்பிலையும் நொச்சியும் போட்டு அவித்த தண்ணீரை வாளியில் கலந்து, ரொம்சோஸ் புறநகரில் இருக்கும் வீட்டின் சின்னக் குளியலறைக்குள் தூக்கி வருவான். வேறு ஆள் இல்லை. அவளுடைய தாய்க்கு விசா கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கைபேசியில்தான் வருவார்.

"தம்பி, கை பொறுக்கிற சூடு. வயித்துக்கு நல்லா வீசி அடிக்கோணும்."

"ஓம் மாமி, கை வைச்சுப் பாத்திட்டன்."

"போனைச் சுவர்ப்பக்கம் திருப்புங்கோப்பா, நான் நிக்கிற கோலத்துக்கு" என்றாள் துஷ்யா.

"நான் பெத்த உடம்புதானே" என்றது சுவர்ப்பக்கமிருந்து குரல்.

துஷ்யாவுக்குப் பக்கத்து ஊரான ஸ்டோவ்னரில் குழந்தைகள் காப்பகமொன்றில் ஒன்பது வருட வேலை. பனிக்காலத்தில் பதினான்கு பிள்ளைகளுக்குக் காலில் கம்பளி மேசு மாட்டிவிடுவாள். எந்தப் பிள்ளை அழுகிறது என்று கதவுக்கு வெளியே நின்றே சொல்லுவாள். இப்போது பிரசவ விடுமுறை. வயிற்றை வெட்டி மகளை எடுத்து நாற்பத்திரண்டு நாள். தழும்புக்கு மேலே ஒரு கையகலம் மரத்துக் கிடந்தது. உணர்வு திரும்ப மாதக்கணக்காகும், சிலருக்குக் கொஞ்சம் அப்படியே நின்றுவிடும் என்று தாதி சொல்லியிருந்தார்.

மற்றதை அவள் தாதியிடம் சொல்லவில்லை. மகளைத் தூக்கினால் பாரம் மட்டும் தெரிந்தது. பால் கொடுத்தாள், துடைத்தாள், உடுப்பு மாற்றினாள். அவ்வளவுதான். இளங்கோவிடமாவது சொல்லவேண்டும் என்று தினமும் நினைப்பாள். சொன்னபிறகு தன்னை எப்படிப் பார்ப்பானோ என்று விட்டுவிடுவாள்.

அன்று வார்த்து முடிந்து, போனையும் வைத்துவிட்டு, அறைக்குள் வந்து உடுப்பு மாற்றும்போது கண்ணாடியில் கண்டாள். தழும்புக்கு மேலே அந்த மரத்த இடம் சிவந்து, இரண்டு கொப்புளம். இளங்கோவைக் கூப்பிட்டாள்.

அவன் குனிந்து பார்த்தான். "ஐயோ, சுட்டுப் போட்டுது! நான் கை வைச்சுத்தானே பாத்தனான்?"

"ஹோட்டலில பதினைஞ்சு வருசம் கோப்பை கழுவின கை. உங்களுக்குக் கொதிதண்ணியும் பச்சைத்தண்ணிதான்."

"சுடேக்கை ஒரு சத்தம் போட்டிருக்கலாமேயப்பா?"

"சுட்டது தெரிஞ்சாத்தானே போட."

ஓடிப்போய்த் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து வந்து வைத்தான். அவளுக்கு அந்தக் குளிரும் தெரியவில்லை.

"இனி இந்த வேலையே வேண்டாம். நாளைக்கு டொக்டரிட்டக் காட்டுவம். மாமிக்கு மட்டும் சொல்லிப்போடாதேயும்" என்றான்.

"வயித்தில மட்டுமில்லையப்பா."

"வேறை எங்கை சுட்டது?"

"எங்கையும் சுடேல்லை. பிள்ளையைத் தூக்கினாலும் எனக்கு இப்பிடித்தான். ஒண்டும் தெரியேல்லை. ஆரோ பெத்த பிள்ளையைப் பாக்கிறமாதிரிக் கிடக்கு. வேலையிலயாவது அந்தப் பிள்ளையளைத் தூக்கேக்கை ஒரு இது வாறது."

அவன் அவளைப் பார்க்கவில்லை. துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு நாளா?" என்றான்.

"பிறந்ததிலயிருந்து. இதையும் நாளைக்கு டொக்டரிட்டச் சொல்லட்டோ?"

அவன் துணியை அவள் கையில் பிடிக்கக் கொடுத்தான். பிறகு எழும்பி, கதவைச் சாத்தாமல், மகள் படுத்திருந்த அறைக்குப் போனான்.