படிச்சவளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்

எங்கள் வீட்டில் எழுத்து என்றாலே சித்திதான். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அப்பாவுக்கு அதுவும் சந்தேகம். இருமல் மருந்தை எத்தனை மூடி குடிப்பது என்பதிலிருந்து ரேஷன் கடை போனுக்கு அனுப்பும் செய்தி வரை எல்லாம் அம்மாவின் தங்கையான அவள்தான் படித்துச் சொல்லுவாள். பக்கத்து வீட்டில்தான் இருந்தாள். பத்தாவது பாஸ். வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் லைன் வேலை. கழுத்தில் அட்டை தொங்க அவள் கம்பெனி பஸ் ஏறினால் எனக்கே கொம்பு முளைத்த மாதிரி இருக்கும்.

சித்திக்கு இரண்டு பெண் குழந்தைகளும் ஆபரேஷனில்தான் பிறந்தன. இன்னும் மூன்று வருஷத்துக்கு வயிற்றில் எதுவும் தங்கக்கூடாது, தங்கினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கருத்தடை ஆபரேஷனுக்கு மாமியார் விடவில்லை, பேரன் வேண்டுமாம். ஆக, மாத்திரை.

அதை வாங்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போனபோது என்னையும் அழைத்துப் போனாள். நான் நான்காம் வகுப்பு. சத்து மாத்திரை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். கூட்டம் பிதுங்கியது. சிஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"படிக்கத் தெரியுமாம்மா?"

"டென்த் முடிச்சிக்கீறேன் சிஸ்டர்."

"அப்போ சரி. உள்ள தாள் இருக்கு, படிச்சிக்கோ."

அவ்வளவுதான். அடுத்து நின்றவள் மஞ்சள் புடவைக்காரி, இடுப்பில் குழந்தை. தனக்கு எழுத்து தெரியாது என்று தலையைச் சொறிந்தாள். சிஸ்டர் பெருமூச்சு விட்டு, அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "வாடி, பஸ்சு பூடும்" என்று சித்தி என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் தாளைக் கடகடவென்று படித்தாள். தினமும் ஒன்று என்றுதான் போட்டிருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் மாத்திரை என்பது காய்ச்சல் வந்தால் போடுவது, விட்டால் நிறுத்துவது. சித்தப்பாவுக்கு ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் நைட். நைட் வாரத்தில் சித்தி அட்டையைத் தொடவே மாட்டாள்.

"தெனம் போடணும்னு போட்டுக்கீதுன்னியே?" என்று அம்மா ஒருமுறை கேட்டாள்.

"அது பொதுவா எழுதறது, அக்கா. மனுஷனே வூட்ல இல்ல, மாத்திரை எதுக்கு? சும்மா ஒடம்பு சூடு."

"நீ படிச்சவ. உனுக்குத் தெரியாததா" என்று அம்மா அரிசி களையப் போய்விட்டாள்.

அட்டையில் காலியான குழிகளை வைத்தே சித்தப்பாவுக்கு எந்த ஷிஃப்ட் என்று நான் சொல்லிவிடுவேன். சித்தி சிரித்து என் கன்னத்தைக் கிள்ளுவாள்.

நாள் தள்ளிப்போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மாமியாருக்குத் தெரிந்தால் பேரன் என்று பிடித்துக்கொள்வாள்; கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். மெடிக்கலில் கலைக்கும் மாத்திரை கேட்டு வாங்கித் தானாகவே போட்டுக்கொண்டாள். அந்த டப்பாவிலும் ஒரு தாள் இருந்தது. அதில் தமிழே இல்லை. லைனில் நின்றபடியே உதிரம் கொட்டி விழுந்தாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"படிச்ச பொண்ணு, இப்டிப் பண்ணிகினாளே" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். சித்தியின் சின்னக் குழந்தை பாலுக்கு அழுதுகொண்டே இருந்தது. அந்த அழுகையை என்னால் இன்றும் தாங்க முடிவதில்லை.

அடுத்த வருஷம் ஒரகடம் பஸ் ஸ்டாப்பில் அந்த மஞ்சள் புடவைக்காரியைப் பார்த்தேன். இடுப்பில் இருந்த குழந்தை இப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. முகத்தில் நல்ல தெளிவு. என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"இது படப்பை போவுமா பாப்பா?"

நான் போர்டைச் சத்தமாகப் படித்துக் காட்டி ஏற்றிவிட்டேன். பாவம், எழுத்து தெரியாதவள் என்று அப்போதும் நினைத்துக்கொண்டேன்.